முகத்துக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரணும்? சேலத்தில் ஒளியை வசப்படுத்திய டி.ஆர்.சுந்தரத்தின் கதை

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில், மலை ஏறுவதற்கு முன்பே ஒரு பழைய வளைவு கண்ணில் படும். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிற வளைவு அது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மேலே போகிறவர்கள் உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருவளையம் மாதிரி நிழல் விழும். சாயங்காலம் எடுத்தால் அதே முகம் பளிச்சென்று இருக்கும்.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த வளைவுக்குப் பின்னால் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்கள். நிழல் எங்கே விழணும், எவ்வளவு விழணும் என்பதை முடிவு பண்ணுவதே அங்கே ஒரு தொழிலாக இருந்தது. அந்த இடத்தை உருவாக்கியவர் கேமராமேன் இல்லை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்த ஒரு திருச்செங்கோட்டுக்காரர்.

யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். பெயரிலேயே ஊர் இருக்கிறது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோடு அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1907 ஜூலை 16-ல் வசதியான ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, 1930-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்தவர் குடும்பத் தொழிலைப் பார்த்திருக்கலாம். ஆனால் தமிழ் சினிமா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது. சேலத்தில் ஏஞ்சல் ஃபிலிம்ஸ் நடத்திய வேலாயுதம் பிள்ளையோடு சேர்ந்து சில படங்களில் பங்கெடுத்தார். 1935-ல் வந்த ‘நல்லதங்காள்’ அதில் ஒன்று.

அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் எடுப்பது என்றால், நடிகர்களையும் உடைகளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியிருந்தது. தளம், கேமரா, விளக்கு எல்லாம் அங்கேதான். வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேலை கெட்டால் ஒரு நாள் பணம் போச்சு.

சுந்தரம் வேறு மாதிரி யோசித்தார். ஆட்களை வெளிச்சத்தைத் தேடி அனுப்புவதற்குப் பதிலாக, வெளிச்சத்தைச் சேலத்துக்குக் கொண்டுவந்தார். 1930-களின் நடுவில் ஏற்காடு மலை அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-ல் வெளியானது. பக்கத்தில் மேட்டூர் அணையில் நீர்மின் உற்பத்தி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். காவிரித் தண்ணீரில் மின்சாரமும், மலையடிவாரத்தில் சினிமாவும் இந்தச் சமவெளிக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன.

கதவை ஏன் மூடணும்?

போட்டோவுக்கு வெளிச்சம் வேணும். சேலத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? அப்புறம் எதுக்கு நாலு பக்கமும் மூடிய தளம்?

வெயில் யார் சொல்றதையும் கேக்காது, அதுதான் காரணம். காலையில் கிழக்கிலிருந்து சாய்வாக வரும். பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண் மேல் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். நடுவில் ஒரு மேகம் வந்தால் எல்லாமே மாறிவிடும். ஒரு காட்சியைக் காலையில் தொடங்கி மாலையில் முடித்தால், கதாநாயகி ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் வேறு ஆளாகத் தெரிவார்.

தளத்தின் கதவை மூடினால் சூரியன் வெளியே நின்றுவிடும். உள்ளே முழு இருட்டு. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு துளி வெளிச்சமும் யாரோ ஒருத்தர் முடிவு செய்து வைத்ததாக இருக்கும். ஒளியை வடிவமைப்பது என்பதன் முதல் பாடம் இதுதான்: விளக்கைப் போடுவதற்கு முன்னால், வேண்டாத வெளிச்சத்தை அணைக்கணும்.

நெசவு தெரிந்த ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை. தறியில் பாவு சரியாகப் பூட்டாமல் ஊடை நூலை ஓட்டினால் துணி வராது, சிக்குதான் வரும்.

ஒரு முகம், மூணு விளக்கு

சுந்தரம் ஜெர்மனியிலிருந்து ஒளிப்பதிவாளர்களைச் சேலத்துக்கு வரவழைத்தார். அப்போது உலக சினிமாவில் இருட்டையும் வெளிச்சத்தையும் வைத்து விளையாடுவதில் ஜெர்மானியர்களுக்குப் பெரிய பெயர் இருந்தது. பம்பாய் டாக்கீஸிலும் ஜோசஃப் வெர்ஷிங் என்ற ஜெர்மானியர்தான் கேமரா பிடித்துக்கொண்டிருந்தார். பம்பாயில் கிடைப்பது சேலத்திலும் கிடைக்கணும் என்பது சுந்தரத்தின் கணக்கு.

அந்தக் கால ஸ்டுடியோக்களில் ஒரு குளோசப் எடுக்க அடிப்படையாக மூணு விளக்குகள். முதல் விளக்கு முகத்தின் ஒரு பக்கத்தில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மூக்கு எவ்வளவு கூர்மை, கன்னம் எவ்வளவு எடுப்பு என்று முகத்துக்கு உருவம் கொடுப்பது அதுதான். ரெண்டாவது விளக்கு எதிர்ப்பக்கம். இது பலவீனமாகத்தான் இருக்கணும். நிழலை அழிக்கக் கூடாது, நிழலுக்குள் இருக்கும் கண் தெரிகிற அளவுக்கு லேசாக்கினால் போதும். மூணாவது பின்னாலிருந்து தலைமுடியிலும் தோளிலும் விழும். கருப்பு வெள்ளையில் கருப்பு முடியும் இருண்ட சுவரும் ஒன்றாகக் கலந்துவிடும் இல்லையா? அதைப் பிரித்துக் காட்டுவது இந்த மூணாவது விளக்கு.

1942-ல் சுந்தரம் இயக்கிய ‘மனோன்மணி’யில் பி.யு.சின்னப்பாவும் டி.ஆர்.ராஜகுமாரியும் நடித்தார்கள். பெ.சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகம்தான் கதை. மேடையில் கடைசி வரிசை ரசிகருக்கு நடிகையின் கண் தெரியாது. திரையில் அந்தக் கண் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. அந்தக் கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு இருந்தால்தான் உயிர் இருக்கும். அந்தப் பொட்டு தானாக வராது, எதிரே ஒரு விளக்கை வைத்தால்தான் வரும்.

ஒரே ஃபிரேமில் ரெண்டு சின்னப்பா

‘உத்தமபுத்திரன்’ என்றால் பலருக்கும் சிவாஜி நடித்த 1958 படம்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே, 1940-ல் சுந்தரம் அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். இரும்பு முகமூடிக்குள் அடைக்கப்பட்ட அரச வாரிசின் ஐரோப்பியக் கதையைத் தழுவிய படம். பி.யு.சின்னப்பா அதில் இரட்டை வேடம். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடப் படமாக அதைச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரே ஆளை எப்படி ரெண்டு பேராகக் காட்டினார்கள்? வழக்கமான முறை இது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு முதல் வேடத்தைப் படமெடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, இப்போது மறுபாதியை மறைத்து ரெண்டாவது வேடத்தை எடுப்பார்கள். ரெண்டும் ஒரே ஃபிலிமில் பதிவாகும்.

கேட்க ஈஸி. ஆனால் நடிகர் உடை மாற்றி வருவதற்குள் ஒரு விளக்கு ஒரு சாண் நகர்ந்தாலோ, மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலோ, நடுவில் கோடு தெரிந்துவிடும். ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி மங்கலாகவும் இருக்கும். மொத்த ஃபிலிமும் வீண். மூடிய தளமும் அசையாத விளக்கும் இல்லாமல் இதைச் செய்திருக்கவே முடியாது.

பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீஸ்வரர் மலைமேல் நிற்கிற ஊர் திருச்செங்கோடு. ஒரே உருவத்தில் ரெண்டு பேர் என்பது அந்த ஊர்க்காரருக்குப் புதுசா என்ன!

வேஷமா, வெளிச்சமா?

1950-ல் வந்த ‘திகம்பர சாமியார்’ இன்னொரு பாடம். வடுவூர் கே.துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து எடுத்த துப்பறியும் கதை. எம்.என்.நம்பியார்தான் நாயகன். படம் முழுக்க விதவிதமான மாறுவேடங்களில் வருவார்.

மாறுவேடம் என்றால் தாடி, மீசை, தலைப்பாகை மட்டும்தான் என்று தோணும். ஆனால் முகத்தை மாற்றுவதில் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. விளக்கை நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகி வயசு குறையும். பக்கவாட்டில் கொண்டுபோனால் ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும், அதே ஆள் கிழவராகிவிடுவார். கீழேயிருந்து மேலே அடித்தால் நல்லவர்கூட வில்லனாகத் தெரிவார். ராத்திரி டார்ச்சைத் தாடைக்குக் கீழே வைத்துத் தம்பி தங்கையைப் பயமுறுத்தாத குழந்தை உண்டா? அதே சங்கதிதான்.

வெளியே போனால் என்ன பண்றது?

எல்லாக் காட்சியையும் தளத்துக்குள் எடுக்க முடியாது. குதிரைச் சண்டைக்கும் காட்டு வழிக்கும் ஏற்காடு மலையும் சுற்றுவட்டாரமும் மாடர்ன் தியேட்டர்ஸுக்குக் கைகொடுத்தன. மு.கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆர் நடித்த ‘மந்திரி குமாரி’ 1950-ல் வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தைத் தொடங்க, சுந்தரமும் அந்தப் பொறுப்பில் பெயர் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டோடு டங்கன் இந்தியாவிலிருந்து கிளம்பிவிட்டார்.

வெளிப்புறத்தில் சூரியனை நகர்த்த முடியாது, ஆனால் ஆளை நகர்த்தலாம். நடிகரை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் சூரியனே அந்த மூணாவது விளக்கு ஆகிவிடும். முன்னால் வெள்ளித் தாள் ஒட்டிய பலகையைச் சாய்த்துப் பிடித்தால், அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் முகத்தை நிரப்பும். இன்றைக்குக் கல்யாண வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஏற்காடு போகிற போட்டோகிராஃபர் வட்டமாக மடித்து எடுத்துப் போகும் ரிஃப்ளெக்டரும் அந்தப் பலகையின் பேரப்பிள்ளைதான்.

1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்டோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்தது. அதற்குக் கேமரா பிடித்தவர் கிளைட் டி வின்னா. 1928-ல் வந்த படம் ஒன்றின் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியவர். வெளிச்சத்தைத் தேடிக் கல்கத்தா போன ஊரோடு, பதினைந்து இருபது வருஷத்தில் ஹாலிவுட் கூட்டுச் சேர்ந்தது.

கலர் வந்தது, வெளிச்சம் போதவில்லை

1956 பொங்கலுக்கு ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியானது. எம்.ஜி.ஆர், பானுமதி ஜோடி. இயக்கம் சுந்தரம், ஒளிப்பதிவு டபிள்யூ.ஆர்.சுப்பாராவ். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் கேவாகலர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது.

கலர் ஃபிலிம் என்பது கருப்பு வெள்ளை ஃபிலிமில் சாயம் பூசியது இல்லை. அந்தக் காலக் கலர் ஃபிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். கருப்பு வெள்ளைக்குப் போதுமான விளக்குகளை வைத்து எடுத்தால் படம் இருட்டாக வரும். அப்போ விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதாதா? அங்கேதான் சிக்கல். விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். அப்படிப் பக்கத்தில் வைத்துவிட்டு நடிகர் ரெண்டு அடி தள்ளிப் போனாலே சட்டென்று இருண்டுவிடுவார். அதனால் பெரிய விளக்குகளாக, நிறைய விளக்குகளாக, தூரத்தில் வைக்கணும். அதற்கான மின்சாரமும் வேணும். அதோடு வருகிற சூட்டையும் தாங்கணும். மேக்கப்பும் கனமான உடையும் போட்டுக்கொண்டு அந்தச் சூட்டில் ஆடிப் பாடணும்.

அந்தக் காலத்தின் பெரிய விளக்குகளில் முக்கியமானது கார்பன் ஆர்க். ரெண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் மின்சாரம் பாய்ந்து எரியும். குச்சி கரையக் கரைய இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்கணும். லைட்மேன்கள் அந்த அனலின் பக்கத்திலேயே நிற்பார்கள். திரையில் நாயகியின் கன்னம் குளுகுளுவென்று தெரிவதற்குப் பின்னால் அவர்களின் வியர்வை இருந்தது. டைட்டிலில் அவர்கள் பெயரை யாரும் தேடுவதில்லை.

இன்னொரு பிரச்சினை நிறம். பல்பு வெளிச்சம் மஞ்சள் சாய்ந்தது, பகல் வெளிச்சம் நீலம் சாய்ந்தது. நம் கண் ரெண்டையும் சமாளித்துக்கொள்ளும், ஃபிலிம் சமாளிக்காது. ரெண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். இந்தத் தொல்லை இன்றைக்கும் தீரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப்லைட்டையும் போட்டுவிட்டு எடுத்த போட்டோவைப் பார்த்தால் தெரியும்.

அலிபாபாவோடு சுந்தரம் நிற்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் அவர் தயாரிப்பில் வந்தது. மலையாளத்தின் முதல் கலர் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961-ல் அவர் இயக்கத்திலேயே வந்தது. ஒரு மொழிக்குக் குரலும் நிறமும் சேலத்துக்காரர் ஒருவர் மூலமாகப் போய்ச் சேர்ந்தன.

முதலாளியின் கணக்கு

ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். கண்டிப்புக்குப் பேர்போனவர். மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு மில் மாதிரிதான் நடந்தது. நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். நேரத்துக்கு வரணும், நேரத்துக்கு முடிக்கணும்.

கலை வளர்க்கிற இடத்தில் இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் விளக்கின் பக்கமிருந்து பார்த்தால் அதன் அர்த்தம் புரியும். ஒரு செட்டுக்கு லைட்டிங் முடிக்க மணிக்கணக்கில் ஆகும். நடிகர் தாமதமாக வந்தால் கார்பன் கரையும், மின்சாரம் ஓடும், லைட்மேன் மேலே காத்துக்கிடப்பார். நடிகர் குறித்த இடத்தில் நிற்காமல் அரை அடி தள்ளி நின்றால் மூக்கு நிழல் கன்னத்தில் ஏறும், எல்லாம் முதலிலிருந்து. அங்கே எவ்வளவு பெரிய நட்சத்திரமும் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். இந்த மில் கணக்குதான் சேலத்திலிருந்து தொடர்ந்து படங்கள் வர வழி பண்ணியது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. எல்லா முடிவும் ஒரே ஆளிடம் இருந்தது. 1963 ஆகஸ்ட் 30-ல், 56 வயதில், சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ போன்ற படங்கள் வந்தன. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த ஸ்டுடியோ கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. சினிமா சென்னையில் குவிந்தது. வேகமான ஃபிலிமும் எடை குறைந்த விளக்கும் வந்தபிறகு, நிஜ வீடுகளிலும் நிஜத் தெருக்களிலும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். இருட்டை உருவாக்கத் தனியாக ஒரு கட்டடம் வேணுமா என்ற கேள்வி வந்தது. தளங்கள் போயின. அந்த இடத்தில் வீடுகள் வந்தன. வளைவு மட்டும் நிற்கிறது.

இன்றைக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கலாம்?

மொபைலில் போர்ட்ரெய்ட் மோட் இருக்கு. பின்னணியை மங்கலாக்கும், முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். ஆனால் நிழல் எந்தப் பக்கம் விழணும் என்பதை எடுக்கிறவர்தான் முடிவு பண்ணணும். அதற்கு ஸ்டுடியோ தேவையில்லை, அந்த ஸ்டுடியோவின் ஒழுங்கு போதும்.

வீட்டில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்க. மற்ற ஜன்னல்களை மூடுங்க, டியூப்லைட்டை அணைங்க. இதுதான் மூடிய தளம். நேரடி வெயில் அடித்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்க. சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கத்தி மாதிரி நிழல் போடும், அகலமான பரப்பிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடிங்க. அதுதான் ரெண்டாவது விளக்கு. அட்டையைக் கிட்ட கொண்டுவந்தால் நிழல் லேசாகும், தள்ளிப் பிடித்தால் அடர்த்தியாகும். கண்ணுக்குள் ஜன்னலின் சின்னப் பிரதிபலிப்பு தெரிகிற வரை முகத்தைத் திருப்பச் சொல்லுங்க. அவ்ளோதான். ராஜகுமாரியின் கண்ணில் இருந்த அதே பொட்டு உங்கள் பாட்டியின் கண்ணிலும் வந்துவிடும்.

2013-ல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலைகளில் டி.ஆர்.சுந்தரத்தின் முகமும் ஒன்று. எத்தனையோ முகங்களைத் திரை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியவர், கட்டைவிரல் அளவு படத்துக்குள் அடங்கியிருக்கிறார். அடுத்த முறை ஏற்காடு போகும்போது அந்த வளைவின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுங்க. எடுப்பதற்கு முன்னால், வெயில் எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை வேறு இல்லை.